நண்டு, கப்பல், பாதித் தலை

டாக்டர்கள் எழுதும் நோய்களுக்கெல்லாம் எண் போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புவது என் பிழைப்பு. மெடிக்கல் கோடிங் என்பார்கள். காய்ச்சலுக்கு ஒரு எண், இருமலுக்கு ஒரு எண், மாடு முட்டினால் ஒன்று, ஆமை கடித்தால் ஒன்று. ஆமை கடித்து இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் எண் தயாராக இருக்கிறது.

ஷார்ஜா ரோலாவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன கிளினிக் எங்களுடையது. டாக்டர் நபீல் எகிப்துக்காரர். நர்ஸ் செல்வராணி கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். ரிசப்ஷனில் ஷைனி, திருச்சூர். பின்னறையில் கம்ப்யூட்டரோடு நான், திருச்சி. தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளி வந்தால் செல்வராணி சிஸ்டர் மொழிபெயர்ப்பார். அவர் கை வேலையாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி வெளியே போய்ப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நாள் முழுக்க எண் போடும் இந்த இங்கிலீஷ் சொற்கள் எங்கிருந்து வந்தன, முதலில் என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பழைய புத்தகக் கடையில் சொற்பிறப்பு அகராதி ஒன்று கிடைத்தது. தலையணை அளவு. மேசையில் அது ஏறியதிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றபடி, 'சுருக்குனு குத்துது' என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று யோசித்தவர் யாராவது இருந்தால், அவர் என் சொந்தக்காரர். இது அவருக்காக. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஃபிட்டும் ஃபிட்ஸும்

முருகேசன் புதுக்கோட்டைக்காரர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. உயரத்தில் ஏறி வேலை பார்க்கத் தகுதியானவர் என்று வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் எழுதி வாங்கினால்தான் கம்பெனி அவரை மேலே ஏற்றும். தொழிலாளர் கேம்ப்பில் கூட இருந்தவர்கள் அவரைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். "வலிப்பு உண்டான்னு கேப்பாங்க. ஃபிட்ஸ்னு ஒரு வார்த்தை வரும். அதுக்கு மட்டும் இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடு. தடுமாறினா ஊருக்கு டிக்கெட்தான்." மனுஷன் வழி நெடுக அந்த ஒரு சொல்லுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

டாக்டர் நபீல் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, சும்மா ஒரு மரியாதைக்கு, "ஆர் யூ ஃபிட்?" என்று கேட்டார். முருகேசன் கையை ஆட்டி, "ஃபிட்ஸ் மாஃபி டாக்டர், மாஃபி" என்றார். மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'. இங்கே வந்த முதல் வாரத்தில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் சொல். டாக்டர் காதில் விழுந்தது 'நான் ஃபிட் இல்லை' என்பது. சந்தேகமாக இருக்கவே, "நாட் ஃபிட்?" என்று இன்னொரு முறை கேட்டார். முருகேசன் ஆமாம் என்று இன்னும் பலமாகத் தலையாட்டினார். அவரே சொல்லும்போது டாக்டர் என்ன செய்வார்? 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்.

தாள் என்னிடம் வந்தது. தகுதியில்லை என்று இருக்கிறது, நோய் எதுவும் இல்லை. நோயில்லாமல் நான் எதற்கு எண் போடுவது? எழுந்து வெளியே போனேன். முருகேசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நான் இல்லைன்னுதானே சார் சொன்னேன்?" என்றார். விஷயம் புரிந்ததும் அவரை உள்ளே அழைத்துப்போய் விளக்கினேன். டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு முருகேசன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பரிசோதித்து, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வைத்து, வலிப்பு எப்போதாவது வந்ததுண்டா என்று என் மூலம் தெளிவாகக் கேட்டு, தாளை மாற்றி எழுதினார். அகராதியைப் பார்த்தேன். வலிப்பைக் குறிக்கும் ஃபிட் பழைய இங்கிலீஷில் போராட்டம், சண்டை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். தகுதியைக் குறிக்கும் ஃபிட் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டுக்கும் உறவு இருப்பதாகவும் எழுதவில்லை. ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு அந்நியர்கள். முருகேசனிடம் இதைச் சொல்ல நேரமில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது அவர் சொன்னது இதுதான்:

"ஒரு 'ஸ்'ஸுக்கு ஊருக்குப் போக இருந்தேன் சார்."

இன்வாலிட்

காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர், ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வந்தார். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர், நன்றாகப் படித்தவர். ஷைனி அவருடைய இன்சூரன்ஸ் கார்டைத் தட்டிப் பார்த்தாள். கம்பெனி புதுப்பிக்க மறந்திருக்கிறது. திரையில் சிவப்பாக 'இன்வாலிட்' என்று வந்தது. ஷைனி அவசரத்தில், "சார், யூ ஆர் இன்வாலிட்" என்றாள்.

செல்லாத கார்டுக்கும் நடமாட முடியாத மனுஷனுக்கும் இங்கிலீஷில் எழுத்து ஒன்றுதான், உச்சரிப்புத்தான் கொஞ்சம் வேறு. இரண்டுமே 'பலமில்லாதது' என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைகள். வந்தவர் மூச்சு வாங்கி முடித்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"தெரியும்மா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

வெயில் அடித்த கதை

கருப்பையா ராமநாதபுரம் பக்கம். கட்டட மொட்டைமாடியில் ஏசி குழாய் பொருத்தும் வேலை. ஆகஸ்ட் மாதம் ஒரு முற்பகலில், கூட வேலை பார்ப்பவர்கள் அவரைப் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பேச்சு சம்பந்தமில்லாமல் இருந்தது. என்னைப் பார்த்து, "மாமா, மோட்டாரை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். செல்வராணி சிஸ்டர் அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைத்து, ஈரத்துணி போர்த்தி, இரண்டு மின்விசிறிகளைத் திருப்பி வைத்தார். டாக்டர் ஆம்புலன்ஸை வரவழைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சீட்டில் எழுதியது 'ஹீட் ஸ்ட்ரோக்'.

கருப்பையாவின் அறை நண்பர் ஒருவர் ஊருக்குப் போன் செய்து, "ஸ்ட்ரோக்காம்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, கூடவே எங்கள் கிளினிக் நம்பரையும் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் நான் கிளம்பும் நேரத்தில் மனைவி பாண்டியம்மாள் பேசினார். அழவில்லை. நிதானமாக, "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "எங்க அண்ணனுக்கு வலது பக்கம் போச்சு. அஞ்சு வருசமா நான்தான் சோறு ஊட்டுறேன். இவருக்கு எந்தப் பக்கம்னு சொல்லிருங்க. அதுக்குத் தகுந்த மாதிரி வீட்டை ஏற்பாடு பண்ணணும்" என்றார்.

அப்போதுதான் அந்த அம்மா போன் செய்வதற்கு முன்பே மனதில் கட்டிலை இடம் மாற்றிப் போட்டுவிட்டார் என்று புரிந்தது. ஸ்ட்ரோக் என்றால் அடி. அவ்வளவுதான் அர்த்தம். பக்கவாதம் வந்தவனைக் கடவுளின் கை அடித்துவிட்டது என்று பழைய காலத்து இங்கிலீஷ்காரர்கள் நினைத்தார்கள். அதிலிருந்து அடி மட்டும் நோய்ப் பெயராக நின்றுவிட்டது. வெயிலுக்கும் அதே அடிதான். நம் ஊரிலும் வெயில் அடிக்கிறது என்றுதானே சொல்கிறோம்? "இது வெயில் அடிச்சதும்மா. கை கால் எதுவும் போகல. சூடு மண்டைக்கு ஏறிடுச்சு, இறக்கிக்கிட்டிருக்காங்க" என்றேன். அவர் நம்பவில்லை. மனசு நோகக் கூடாதென்று சொல்கிறேன் என்று நினைத்தார்.

மறுநாள் அந்த நண்பரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பையா தெளிந்து உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. வீடியோவில் பாண்டியம்மாளைப் பிடித்தோம். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "வலது கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினார். "இடது." தூக்கினார். "ரெண்டையும் சேர்த்து." டிரிப் ஊசியோடு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, மனைவி சொல்லும் வரை இறக்காமல் வைத்திருந்தார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பாண்டியம்மாள் சொன்னார்:

"போதும், இறக்குங்க. சாமி கும்பிடுற மாதிரி இருக்கு."

வராத தங்கச்சி

செல்வராணி சிஸ்டர் எங்களிடம் வருவதற்கு முன் சவுதியில், தம்மாமில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். கிளினிக்கில் டாக்டருக்கு அடுத்தபடி அவருக்குத்தான் அரபி தெரியும். ஒருநாள் ஓர் அரபி அம்மா, தன் வீட்டில் வேலை செய்யும் தேவகியை அழைத்து வந்தார். தேவகி கடலூர்க்காரர், கண்ணை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். அந்த அம்மா சிஸ்டரிடம், "இவளுக்கு ஷகீக்கா இருக்கிறது" என்று அரபியில் சொன்னார். ஷகீக்கா என்றால் கூடப் பிறந்தவள். சிஸ்டரும் சரி என்று தலையாட்டி, துணைக்கு வந்தவர் என்ற இடத்தில் 'சகோதரி' என்று எழுதிவிட்டு, அந்தச் சகோதரியைத் தேட ஆரம்பித்தார்.

வரவேற்பறையில் இல்லை, பாத்ரூம் பக்கம் இல்லை. ஷைனி படிக்கட்டு வரை போய்ப் பார்த்தாள். கடைசியில் சிஸ்டர் தேவகியிடமே, "உன் தங்கச்சி எங்கம்மா?" என்று கேட்டார். தேவகி துண்டைக் கொஞ்சம் விலக்கி, "கல்யாணம் ஆகி நெய்வேலில இருக்கா. அவளுக்கு என்ன?" என்று பயந்துபோனார். அரபி அம்மா தன் தலையின் ஒரு பக்கத்தைத் தட்டித் தட்டி, "ஷகீக்கா, ஷகீக்கா" என்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர்தான் முடிச்சை அவிழ்த்தார். அரபியில் மைக்ரேனுக்கும் ஷகீக்கா என்றுதான் பெயர். ஒன்றைப் பிளந்தால் கிடைக்கும் பாதி என்பது அதன் வேர். கூடப் பிறந்தவளும் அப்படிப் பாதிதான், தலைவலியும் பாதித் தலைதான்.

நான் உடனே ஓடிப்போய் அகராதியைப் புரட்டினேன். மைக்ரேன் கிரேக்கத்தில் 'ஹெமிக்ரானியா', பாதி மண்டையோடு. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து வந்ததில் முன்னாலிருந்த 'ஹெ' விழுந்துவிட்டது. தலைவலியின் பெயருக்கே தலை போய்விட்டது. நாமோ ஒற்றைத் தலைவலி என்கிறோம். கிரேக்கனும் அரபியும் தமிழனும் ஒருவரை ஒருவர் கேட்காமலேயே ஒரே இடத்தில் கையை வைத்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வந்து இதையெல்லாம் தேவகியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டாக்டர் எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று கேட்டதை மொழிபெயர்த்தபோது, துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது:

"பாதித் தலைதான் சார் வலிக்குது. லீவு மட்டும் முழுசா கேளுங்க."

கரையில் ஆடும் கப்பல்

அந்தோணிதாசன், கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர். முப்பது வருஷம் கடலில் இருந்தவர், அதில் பாதி இங்கே மீன்பிடி லாஞ்சுகளில். மூட்டுவலி வந்ததும், வேலைக்கு எடுத்திருந்த அரபி முதலாளியான கஃபீல், கரையிலேயே ஐஸ் கிடங்கில் வேலை கொடுத்துவிட்டார். கரைக்கு வந்த மாதத்திலேயே தலைசுற்றல். கட்டிலில் திரும்பிப் படுத்தால் அறையே சுழல்கிறது, குமட்டுகிறது. மூளையில் கட்டி என்று அவராகவே முடிவு செய்து, மகளின் கல்யாணத்தை முன்கூட்டியே முடிக்கச் சொல்லி ஊருக்குப் பேசிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

டாக்டர் எழுதியது 'நாசியா'. எனக்குப் பிடித்த சொல் அது. கிரேக்கத்தில் 'நவுஸ்' என்றால் கப்பல். கப்பலில் போகிறவனுக்கு வருவதுதான் நாசியா. நம் நாவாயும் அதற்கு உறவோ என்று ஒரு வாரம் தேடியிருக்கிறேன். அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், விட்டுவிட்டேன். ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவனுக்குக் கப்பல் நோய் வந்து பார்த்தது அன்றுதான். அந்தோணிதாசனுக்கும் அதுதான் ஆத்திரம். "கடல்ல ஒருநாளும் ஆடல சார். கட்டில்லதான் ஆடுது" என்றார்.

டாக்டர் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். அந்தோணிதாசனின் கண்மணிகள் துடித்தன. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் கொஞ்சம் பொறுத்து, தலையை மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். "காதுக்குள்ளே மணல் மாதிரி துகள் இடம் மாறியிருக்கிறது. அதை அதன் இடத்துக்கே அனுப்பினேன். மூளையில் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்" என்றார். இன்னொரு முறை அதையே செய்துவிட்டுப் படுக்கச் சொன்னார். அந்தோணிதாசன் படுத்தார், இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். அறை நின்றுவிட்டது. அப்படியே கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

டாக்டருக்கும் சந்தோஷம். பேச்சுவாக்கில், தனக்குக் கடல் சுத்தமாக ஆகாது, ஷார்ஜா கழிமுகத்தில் பத்து நிமிஷம் படகில் போனாலே வாந்தி வரும் என்றார். மொழிபெயர்த்தேன். அந்தோணிதாசன் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"அதுக்கு மருந்து இருக்கு. ஒரு வாரம் எங்க லாஞ்சுல வரச் சொல்லுங்க, சரியாயிரும்."

நல்ல பிறவி

இது போன வருஷம் நடந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். செல்வராணி சிஸ்டருக்கு மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது அவரே கண்டுபிடித்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நாலு நாள். அவர் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், வழக்கம் போலக் குழந்தைகளை ஏமாற்றி ஊசி போட்டார். என்னையும் ஷைனியையும் தவிர யாருக்கும் தெரியாது. ஊரில் இருந்த கணவருக்கே சொல்லவில்லை.

என் தொழிலில் இதற்கு ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். கெட்ட கட்டி என்றால் எண் 'சி'யில் தொடங்கும், பினைன் என்கிற சாதுவான கட்டி என்றால் 'டி'யில். தினமும் போடுகிற எழுத்துகள். அந்த நாலு நாள் மட்டும் விசைப்பலகையில் 'சி' இருக்கும் இடத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சிஸ்டர் என் அறைக்கு வந்து உட்கார்ந்து, "இந்தக் கான்சருக்கு என்ன வேர் சார்?" என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது: நண்டு. கட்டியைச் சுற்றி ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்பதைப் பார்த்து, நண்டுக்கால் போல இருக்கிறதே என்று பழைய வைத்தியர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சிஸ்டர், "நண்டா? எங்க ஊர்ல அதைப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க சார். கொழம்பு வச்சிருவோம்" என்றார். சிரித்தார். கையிலிருந்த தெர்மாமீட்டரை மட்டும் உறைக்குள் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

நாலாம் நாள் அறிக்கை அவர் போனுக்கே வந்தது. நர்ஸ், அவருக்கே படிக்கத் தெரியும். இருந்தாலும் போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். படித்தேன். எதற்கும் இன்னொரு முறை படித்தேன். "பினைன்" என்றேன். அவர் திரும்பவில்லை. "வேரைச் சொல்லுங்க சார்" என்றார். லத்தீனில் நல்ல பிறவி, அன்பான குணம் உள்ளவன் என்று அர்த்தம் என்றேன். ஷைனி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். வெளியே யாரோ ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து அழ ஆரம்பித்தது. சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவு வரை போனவர், நின்று திரும்பிச் சொன்னார்:

"அன்பா இருந்தாலும் அதை எடுத்துரணும் சார். நீங்க 'டி' போட்டு வைங்க."

இந்த நோய்களுக்குப் பெயர் வைத்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் என்னவென்றே தெரியாது, கண்ணில் பட்ட நண்டையும் கப்பலையும் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். நான் எண்ணை வைத்துச் சமாளிக்கிறேன்.